உடையாமல் வந்த நீர்க்கட்டி

சீஃப் ஓய்வு பெற்ற அன்று நடந்த விழாவில், பழைய ஆள் என்று என்னையும் மேடையேற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் அவருக்கு முன்பே ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவள். மைக்கைப் பிடித்தேன். "சீஃப் நல்லா இருக்கோணுமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். ஆபரேஷன் தியேட்டர் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். "ஏன் சிஸ்டர், ரேவதி கேஸைச் சொல்லுவீங்கன்னு நெனச்சோம்" என்றார்கள். அது இரண்டு நிமிடத்தில் சொல்கிற விஷயம் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். கோயமுத்தூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவர். எங்களுக்கு எப்போதும் சீஃப்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் மதுக்கரை. அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றினார்; அவருக்கு முந்தியவர்கள் எல்லாம் அடுத்தவர் வயல்காட்டில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் நர்சிங் படித்தவள் நான். படித்து முடித்ததும் பொது அறுவை சிகிச்சைத் தியேட்டரில் போட்டார்கள். குடலிறக்கம், பித்தப்பை, சிசேரியன் என்று சில வருடங்கள் ஓடின. மூளைத் தியேட்டரில் இருந்த சிஸ்டர் பிரசவத்துக்குப் போனபோது, அவர் திரும்பும்வரை என்று சொல்லி என்னை அங்கே அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, கேட்கிற கருவியைக் கேட்கும்போதே கையில் வைப்பது என் வேலை.

முதல் நாளை மறக்க முடியாது. நோயாளிக்கு மயக்கம் கொடுத்தாயிற்று. சீஃப் கத்தியைக் கேட்கவில்லை. சுற்றிலும் பார்த்து, "இன்னைக்கு நாம எதுக்குப் பயப்படோணுமுங்க?" என்றார். மயக்க மருந்து டாக்டர் ஒன்று சொன்னார். உதவி டாக்டர் ஒன்று சொன்னார். ட்ராலி தள்ளுகிற வேலுச்சாமி அண்ணன்கூட, "ஆக்சிஜன் ட்யூப் காலுக்குள்ள கெடக்குதுங்க, தட்டி உட்டுருவாங்க" என்றார். உடனே அதை ஓரமாக எடுத்துக் கட்டினார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார். 

"உங்களுக்குத்தானுங்க சார் பயப்படறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு வேண்டாமுங்க. அந்தத் தலைக்குப் பயப்படுங்க. நான் தப்பான சாமானைக் கேட்டா, குடுக்காதீங்க" என்றார்.

நகரத்தின் பெரிய டாக்டர், முதல் நாளே, புதிதாக வந்த ஒரு நர்ஸிடம் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதுவரை என்னை யாரும் அவ்வளவு மதித்ததும் இல்லை.

மூளையில் கட்டி என்றாலே சனங்கள் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எல்லாம் அப்படி அல்ல. நீர் நிறைந்த பை போலவும், கெட்டியான கூழ் அடைத்த உருண்டை போலவும் அபூர்வமாகச் சில கட்டிகள் வரும். அவை புற்று இல்லை. முழுசாக எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். ஆனால் அது உட்கார்ந்திருக்கிற இடம்தான் வினை. கண்டுபிடிப்பதும் லேசில்லை.

சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் வந்தார். குனிந்தால் தலை வெடிக்கிறது, கால் துவண்டு விழுந்துவிடுகிறார். மல்லாக்கப் படுத்தால் சற்று நேரத்தில் சரியாகிவிடுகிறது. வாயு என்று சொல்லி மருந்து சாப்பிட்டார். வலிப்பு என்று சொல்லி அதற்கும் சாப்பிட்டார். கையோடு ஸ்கேன் படம் கொண்டுவந்திருந்தார். சீஃப் அதை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பட்டறையில் எந்த வேலைக்குக் குனிவார், எப்படிக் குனிவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டு முடித்தபின்தான் படத்தைத் தூக்கினார். மூளைக்குள் நீர் ஓடுகிற வழியில் ஒரு பட்டாணி அளவுக் கட்டி, குனியும்போதெல்லாம் தக்கை போல அடைத்துக்கொண்டிருந்தது. ஒரேயடியாக அடைத்தால் அந்த இடத்திலேயே உயிர் போகும். அவரை வீட்டுக்கு அனுப்பாமல் அப்படியே சேர்த்து, கட்டியை எடுத்தார். அந்த மனிதர் இன்றும் பட்டறை நடத்துகிறார்.

படத்தை ஏன் முதலில் பார்க்கவில்லை என்று உதவி டாக்டர் அருண் கேட்டார். சீஃப் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"படத்தை மொதல்ல பாத்துட்டா, அதுக்கு ஏத்த கதையைத்தான் கேப்போமுங்க. நோயாளி சொல்ற கதை காதுல ஏறாது."

ரேவதி பிழைத்தது அந்தப் பழக்கத்தால்தான் என்று நான் நம்புகிறேன்.

ரேவதிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, புருஷன் வேலைக்காகத் திருப்பூரில் குடியிருந்தாள். பனியன் கம்பெனியில் டெய்லர். கைக்குழந்தை ஒன்று. மாமியார் பழனியம்மாள் கூடவே இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். ரேவதியை அழைத்துவந்ததும் அவர்தான். ஆனால் வந்த மனநிலை வேறு.

"ஏனுங் டாக்டரு, இவளுக்குத் தலைவலின்னு சொல்லிக் கூட்டியாந்தேன். தலைவலி இருக்குதோ இல்லியோ, கோவம் இருக்குது. பாலுச் சொம்பைப் போட்டு ஒடைக்கறா. சோத்துக் குண்டாவைக் கீழ போடறா. நேத்துப் புள்ளையவே நழுவ உட்டுட்டா. நாஞ் சித்த அசந்திருந்தா என்னாயிருக்குமுங்க?"

ரேவதி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. 

சீஃப் அவளிடம், "கம்பெனியில வேலை எப்படிப் போகுதுங்க, அம்மிணி?" என்று கேட்டார்.

"ஓவர்லாக் மிசின்ல இருந்தனுங்க. தையல் கோணக்கோணயாப் போகுதுன்னு பிசிறு வெட்ட உட்டுட்டாங்க."

"எந்தக் கை துணியைப் பிடிக்கும்?"

"எடது கைதானுங்க. பிடிச்ச மாதிரித்தான் இருக்கும். குனிஞ்சு பாத்தா கையில துணி இருக்காது."

கண்ணை மூடி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். வலது கை அப்படியே நின்றது. இடது கை அவளுக்குத் தெரியாமலே கீழே இறங்கிக்கொண்டு வந்தது. சீஃப் பழனியம்மாளைப் பார்த்தார். அவரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவ வேணும்னு போடலீங்களா?" குரல் இறங்கிவிட்டது.

"இல்லீங்க. கை இருக்கறதே இந்தப் புள்ளைக்குத் தெரியலீங்க."

பழனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே போகும்போது மருமகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கத்தில், சாத்துக்குடி அளவுக்கு ஒரு வட்டம். உள்ளே இருப்பது நீர் என்று படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அருண் நல்ல டாக்டர், இன்று அவரும் பேர் பெற்றவர். பிறவியிலேயே சிலருக்கு இருக்கும் சாதாரண நீர்க்கட்டி அது, சிறு துளை போட்டு ஊசியால் நீரை உறிஞ்சிவிடலாம் என்பது அவர் எண்ணம். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள்.

சீஃப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "அந்த மாதிரிக் கட்டி மண்டையோட்டை ஒட்டி, கெடைச்ச எடத்துல பரவிக் கெடக்கும். இது மூளைக்குள்ள, காம்பஸ் வெச்சுப் போட்ட மாதிரி வட்டமா இருக்குதுங்களே" என்றார். ரேவதியை மறுபடி கூப்பிட்டு, பிறந்து வளர்ந்தது எங்கே என்று கேட்டார்.

வெள்ளகோவில் பக்கம். அப்பாவுக்குச் செம்மறி ஆடு. பட்டியிலேயே நாய் கிடக்கும். அந்த நாயைக் கட்டிப்பிடித்துத் தூங்கித்தான் வளர்ந்ததாகச் சொன்னாள். சொல்லும்போது, வந்த நாளிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள்.

நாயிடமிருந்து வரும் புழுக் கட்டியோ என்று சீஃப் சந்தேகப்பட்டார்; அந்த நோயை நாங்கள் புத்தகத்தில் படித்ததோடு சரி. நாயின் குடலில் இருக்கும் ஒரு புழுவின் முட்டை, நாயைத் தொட்ட கை வழியாக வயிற்றுக்குள் போய்விடும். பெரும்பாலும் ஈரலில் தங்கும். எங்கோ ஒருவருக்கு மூளைக்கு ஏறி, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஒரு நீர்ப்பையாக வளரும். அந்தப் பை தானாக ஒன்றும் செய்யாது. ஆனால் ஊசி பட்டு உடைந்தால் ஆபத்து. உள்ளே இருக்கும் நீர் கசிந்த உடனே ரத்த அழுத்தம் விழுந்து ஆள் மேசையிலேயே போய்விடலாம். பிழைத்தாலும், சிந்திய இடமெல்லாம் புதிதாகப் பைகள் முளைக்கும். உடையாமல் முழுசாக எடுத்தால் மட்டும்தான் நோய் தீரும்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஈரல் சுத்தமாக இருந்தது. அதனால் சீஃப் சொல்வது சரிதான் என்று அடித்துச் சொல்ல வழி இல்லாமல் போயிற்று. அவர் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ரேவதியோடு அவள் புருஷன், பழனியம்மாள், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா சின்னசாமி மூவரும் இருந்தார்கள்.

"நான் நெனைக்கறது தப்பா இருந்தா, சின்னத் தொளையில முடிய வேண்டியதுக்குப் பெரிய காயமா ஆயிப்போகும். நான் நெனைக்கறது சரியா இருந்து, சின்னத் தொளை போட்டோம்னா உசுருக்கே ஆபத்து. தப்பா இருந்தாலும் பரவாயில்லைன்னு பெருசாத் தெறக்கலாம்ங்கறேன். நீங்க ரோசனை பண்ணிச் சொல்லுங்க."

சின்னசாமி ஒரு மூலையில் நின்றபடி, "எங்க பட்டி நாயாலதான் எம்புள்ளைக்கு இப்பிடி ஆச்சுங்களா?" என்று கேட்டார்.

"இருக்கலாமுங்க. ஆனா ஆரு மேலயும் குத்தம் இல்லீங்க. வெசனப்படாதீங்க."

 கடைசியில் ரேவதியே சொன்னாள். "பெருசாவே தெறங்க டாக்டர். எங்கையில புள்ளையப் பிடிக்கோணும்."

அடுத்த இரண்டு மூன்று நாட்கள் சீஃப் செய்ததுதான் தியேட்டர் பிள்ளைகள் இன்றும் பேசிக்கொள்கிற கதை. என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், உங்களுக்குக் களி கிண்ட வருமுங்களா?" என்றார். வரும் என்றேன். "கொஞ்சம் இளக்கமா கிண்டிக் கொண்டாங்க" என்றார். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. காலையில் ராகிக் களியைத் தூக்குப்போசியில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேலுச்சாமி அண்ணன் மூடியைத் திறந்து பார்த்து, "கொழம்பு எங்கீங்க சிஸ்டர்?" என்றார்.

சீஃப் தன் வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டி கொண்டுவந்தார். வினிகரில் ஊறவைத்த கோழி முட்டைகள். ஓடு கரைந்துபோய், உள்தோல் மட்டும் மிஞ்சி, முட்டை பந்து போல மெத்தென்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் கரு தெரிந்தது. அந்த முட்டையைக் கிண்ணத்தில் வைத்துச் சுற்றிலும் ஆறிய களியை அப்பினார். மேலே ஒரு வாய் மட்டும் திறந்துவிட்டார்.

"இப்ப களிதான் மூளை. முட்டைதான் கட்டி. கையும் இடுக்கியும் படாம இதை வெளிய எடுக்கோணும்."

வழி இதுதான். மெல்லிய ரப்பர்க் குழாயைக் களிக்கும் முட்டைக்கும் நடுவே நுழைத்து, வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விட வேண்டும். கிண்ணத்தை மெல்லச் சாய்க்க வேண்டும். நீர் பின்னாலிருந்து தள்ள, முட்டை தன் கனத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். முதல் முட்டையை அருண் அவசரப்பட்டு உடைத்தார். அடுத்ததைச் சீஃபே உடைத்தார். "நீரை வேகமா விட்டுட்டனுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, இன்னொரு முட்டையை எடுத்தார். கிண்ணத்தைச் சாய்ப்பது மயக்க மருந்து டாக்டர் லலிதா. கீழே ஏந்துவது நான். ஏந்தும் பாத்திரத்தை எவ்வளவு கிட்டக் கொண்டுபோக வேண்டும், எந்தக் கோணத்தில் பிடித்தால் முட்டை விளிம்பில் இடிக்காது என்பதெல்லாம் அந்தக் களியில்தான் எனக்குப் பிடிபட்டது. புட்டி காலியாகும்போது எங்கள் நால்வருக்கும் பேச்சே தேவைப்படவில்லை.

அறுவை சிகிச்சை அன்று, எதற்குப் பயப்பட வேண்டும் என்ற வழக்கமான கேள்வியைச் சீஃப் கேட்டார். லலிதா, "ஒடஞ்சா பிரஷர் விழுந்துரும். அதுக்கு வேண்டிய ஊசியெல்லாம் ஏத்தித் தயாரா வெச்சிருக்கேன்" என்றார். அருண், "என் கைக்குத்தான் பயப்படறேன் சார்" என்றார். சீஃப் தலையாட்டினார். "எனக்கும் அதேதானுங்க."

கட்டியைவிடப் பெரிய அளவுக்கு மண்டையோட்டைத் திறந்தார். மூளையின் மேல் உறை விறைத்து நின்றது. அதை வெட்டுவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கத்தரி ஒரு நூலளவு நகரும், நிற்கும், அடியில் ஈரப் பஞ்சு வைக்கச் சொல்வார், மறுபடி நகரும். உறை விலகியதும், மெல்லிய மூளைப் படலத்துக்கு அடியில் வெளிறிய நீலத்தில் ஒரு வளைவு தெரிந்தது. அவர் நினைத்தது சரிதான். 

"சிஸ்டர், கூரான சாமான் எல்லாத்தையும் துணி போட்டு மூடிருங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

மூடினேன். சுற்றிலும் உப்பு நீரில் நனைத்த பஞ்சுகளை அடுக்கினோம். ரப்பர்க் குழாயை நுழைத்தார். அருண் நீர் விட, லலிதா மேசையைச் சாய்க்க, நான் பாத்திரத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். அந்த வளைவு மெல்ல வெளியே புடைத்தது. ரத்தநாளம் ஒன்றுகூட அதன்மேல் இல்லை. தோல் அவ்வளவு மெல்லியது. மூளை துடிக்கும்போதெல்லாம் அதுவும் துடித்தது.

பாதி வந்து நின்றுவிட்டது.

நீர் விட்டார்கள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார்கள். அசையவில்லை. ஏதோ ஓரிடத்தில் ஒட்டியிருந்தது. பாதி வெளியே தொங்குகிற அந்தப் பையைப் பார்க்கும்போது, கையால் தாங்கி இழுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கே தோன்றியது.

"சார், ஓரமா லேசாப் பிடிச்சுக்கட்டுமா?" என்றார் அருண்.

"வேண்டாமுங்க. அது எங்க ஒட்டியிருக்குதுன்னு தண்ணிக்குத் தெரியும். நமக்குத் தெரியாது."

குழாயை வெளியே எடுத்தார். மறுபக்கத்தில், அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல் நுனி உணர்வை மட்டும் நம்பி நுழைத்தார். நீரை மிக மிக மெதுவாக விடச் சொன்னார். பிறகு லலிதாவிடம், "ஒரு மூச்சை உள்ள நிறுத்திப் பிடிங்க" என்றார். ரேவதியின் நுரையீரலில் காற்று நின்றதும் மூளை லேசாக மேலெழும்பியது. பை ஒரு முறை குலுங்கியது. அப்புறம், யாரும் தொடாமலே, வழுக்கி என் பாத்திரத்துக்குள் வந்து இறங்கியது.

முழுசாக. ஒரு கீறல் இல்லாமல்.

அது இவ்வளவு கனக்கும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே இருந்த நீர் ஊற்று நீர் மாதிரி தெளிவாக இருந்தது. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். யாரோ போன் எடுத்துப் படம் பிடிக்க நெருங்கினார்கள். சீஃப் நிமிரவில்லை. "அதை அப்புறம் பாக்கலாமுங்க. அந்தப் புள்ளை இன்னும் இங்கதான் இருக்குது" என்றார். பை இருந்த பள்ளத்தை நீரால் நிரப்பி, உறையைத் தைத்து, எலும்பைப் பொருத்தி, கடைசித் தையல் வரைக்கும் அவரே போட்டார். அதெல்லாம் உதவி டாக்டர்கள் செய்கிற வேலை. அன்று விட்டுக்கொடுக்கவில்லை.

ரேவதி கண் விழித்தாள், பேசினாள். இடது கை மட்டும் சில வாரங்கள் கட்டை போலக் கிடந்தது. சீஃப் தினமும் வந்து, அந்தக் கையில் ஒரு துணித் துண்டை வைத்து, பார்க்காமல் பிடிக்கச் சொல்வார். துணி விழும். எடுத்து மறுபடி வைப்பார். ஒரு நாள் காலையில் நான் வார்டுக்குப் போனபோது, பழனியம்மாள் வாசலில் நின்று என்னைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சத்தம் போடாம உள்ள பாருங்க சிஸ்டர்."

ரேவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. கண் சன்னலுக்கு வெளியே இருந்தது. இடது கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. தான் தட்டுவது அவளுக்கே தெரிந்த மாதிரி இல்லை. பழனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானேதான் புள்ளைய அவ மடியில போட்டேன்" என்றார்.

மருந்து மாத்திரை சில மாதம் சாப்பிட்டாள். அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்களில் ஒன்றும் இல்லை. திருப்பூருக்குப் போய் மறுபடி மிசினில் உட்கார்ந்தாள். எங்கள் வேலை அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

சின்னசாமி ஒரு நாள் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஊரில் விஷயம் பரவி, பட்டி நாய்களை எல்லாம் அடித்துக் கொன்றுவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார். சீஃப் அவரை அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு கால்நடை டாக்டரையும் அருணையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு வெள்ளகோவில் பக்கம் அந்த ஊருக்குப் போனார். பிள்ளையார் கோயில் மரத்தடியில் ஆட்டுக்காரர்கள் கூடியிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டதை மறுத்துவிட்டு, அவர்களோடு தரையில் உட்கார்ந்தார்.

நாயைக் கொல்ல வேண்டாம், பூச்சி மருந்து கொடுங்கள், ஆடு அறுத்தால் புழுவின் பை இருக்கக்கூடிய ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்கு வீசாதீர்கள், குழந்தைகள் நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இவ்வளவுதான் சொன்னார். ஆனால் இதையே, கேள்வி கேட்ட ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். கால்நடை டாக்டர் ஒவ்வொரு நாயாகப் பிடித்து மருந்து ஊட்டினார். சின்னசாமி தன் நாயைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

கிளம்பும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் கார் வரைக்கும் வந்தார். "ஏனுங் டாக்டரு, மண்டையைத் தெறந்து கட்டியை எடுக்கற ஆளு நீங்க. நாய்க்கு மருந்து ஊத்தறதுக்காவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று கேட்டார்.

சீஃப் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஒருக்கா எடுத்துட்டனுங்க. இன்னொருக்கா எடுக்கற தெம்பு எனக்கு இல்லீங்க."